சுவரோரப் பலகைக்குப் பின்னால்

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் சாப்பாட்டறையில் பழைய தரை உளுத்துப்போய்ப் புதுப் பலகை போட்டார்கள். போட்ட தச்சு வேலை பாஸ் அட்டன் டவுன்காரர். சுவருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுக்கொண்டே போனார். அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறவள் நான். பார்த்ததுமே மனதில் சந்தேகம் தட்டியது.

"ஏன் பாஸ், பலகை பத்தலயா?" என்று கேட்டேன்.

"மழைக்கு மரம் ஊதும். எடம் விடலன்னா தரையே மேல எழும்பிக்கும். இந்தச் சந்த மறைக்கத்தான் சொவத்தோரம் நீட்டுப் பலகை அடிக்கிறது."

மறைக்கத்தான் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. மறைத்துச் செய்கிற வேலை எதையும் நான் நம்புகிறவளில்லை. மூன்று பக்கம் பலகை அடித்தார். ஜன்னல் பக்கத்தை மட்டும் திறந்தே வைத்திருந்துவிட்டு, ஒரு மத்தியானம் அவசர அவசரமாக அடித்து முடித்தார். அப்படி என்ன அவசரம்?

அன்று சாயங்காலமே துரைசாணியின் மோதிரத்தைக் காணவில்லை. காலையில் ஜன்னல் கட்டையில் கழற்றி வைத்தாளாம். சமையல்கார அப்பு என் கூடையைக் கொட்டிப் பார்த்தார். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தேன். நாலு வருஷமாக என்னோடு ஒரே அடுப்படியில் நிற்கிற மனுஷன், என் முடிக்குள் விரலை விட்டுத் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். காரணம், அந்த அடுப்படியில் தினமும் கிடைக்கிற ஒரு குவளைப் பால். என் பிள்ளை டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பாலில்தான் அதற்குக் கன்னத்தில் சதை பிடித்துக்கொண்டு வந்தது. பங்களா வேலை போனால் பாலும் போய்விடும்.

ராத்திரி முழுக்க பாஸையே திட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அந்த ஆள்தான் எடுத்து உள்ளே வைத்து அடித்துவிட்டான், ஆறப்போட்டு எடுத்துப் போவான் என்று நினைத்தேன். விடியற்காலையில்தான் வேறொன்று தோன்றியது. ஜன்னல் கட்டையில் தூசி தட்டினால் எல்லாம் நேரே அந்தச் சந்துக்குள்தான் விழும்.

காலையில் துரைசாணியிடம் போய் நின்றேன். "ஜன்னலுக்குக் கீழ அடிச்ச பலகையப் பேத்துப் பாக்கச் சொல்லுங்க தொரசாணி."

பாஸ் முகம் சுருங்கியது. உளியை விட்டு நெம்பினார். ஆணிகள் கிறீச்சிட்டன. மரத்தூளுக்கு நடுவில் மோதிரம் கிடந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்பு என் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கப்படுகிறார், படட்டும் என்று நினைத்தேன்.

துரைசாணி மோதிரத்தைக் கைலேஞ்சித் துணியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "அங்கே இருக்கு, நீ எப்படித் தெரியும்?"

"ஜன்னல்ல தூசி தட்டுனா அங்கதாங்க விழும்."

"யார் தட்டினது?"

"நான்தாங்க தினமும்..."

நானே எடுத்து ஒளித்ததாக நினைக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. பாஸைப் பார்த்தேன். தூசி விழுகிற சந்துதான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து, வளைந்த ஆணிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார். எடுத்தது நான் இல்லையென்றால் அவர்தான் என்று ஆகிவிடும். அதனால் அவர் பலகையைத் திரும்பச் சுவரோடு சேர்த்து அடித்தார்.

சாயங்காலம் அப்பு, நான் பால் வாங்குகிற குவளையை வெறுமனே கொண்டுவந்து கொடுத்தார். கழுவித் துடைத்திருந்தது.

"நாளையிலருந்து பங்களா வேணாமாம், காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போகச் சொன்னாங்க புள்ள. கொழுந்து எடுக்க."

இன்றைக்கும் லயத்து வீடுகளில் யாராவது எதையாவது தொலைத்துவிட்டுத் தேடினால், கிடக்கிற இடம் என் கண்ணில் பட்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.