ஆடி கழியட்டும் என்றோம்

போன வருஷம் ஆடி மூன்றாம் தேதி என் மகள் அந்தச் சென்னைக் கம்பெனியில் சேர்ந்திருக்க வேண்டும். கேட்டால் வேறு தேதி தருவார்கள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. எங்களோடு இருக்கும் என் அக்காதான் முதலில் சொன்னாள்.

“ஆடித்தபசு மாசத்துல போயி யாராவது புது வேலைக்குச் சேருவாகளா? ஆவணி பொறக்கட்டும்.”

கம்பெனியில் மறுபேச்சில்லாமல் ஆவணி இரண்டாம் தேதி கொடுத்தார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

மகள் சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். இந்த வைகாசியில் அவளை வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றத் தேர்ந்தெடுத்தார்கள். ஆவணியில் அங்கே வேலை தொடங்குகிறது. ஆடி பத்துக்குள் விசா விண்ணப்பம் போயாக வேண்டும். ஆனியில் ஒரு நாள் விசா பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வேலையில உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்னு மேனேஜரே எழுதிக் கொடுத்திருக்கார். அதுல பிரச்சினை இல்ல. ஆனா அப்ளிகேஷன் போடுற அன்னைக்கு நம்ம கம்பெனியில தொடர்ந்து ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும். உங்களுக்கு முடிஞ்சிருக்காது.”

நான் குறுக்கே புகுந்தேன். முந்தைய கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறாள். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் சொன்னேன்.

“அது வேற கம்பெனி, சார்.”

அதற்கும் முன்னால் ஒரு ஏஜென்சி மூலம் இதே கம்பெனிக்கு வேலை செய்திருக்கிறாள். அந்தத் தேதிகளையும் சொன்னேன்.

“அப்போ அவங்க ஏஜென்சி ஆளு, சார். நீங்க சொல்ற தேதி எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா கணக்குல வராது.”

போனை வைத்ததும் அக்கா என்னைப் பார்த்தாள். “ஏலே, ஒரு மாசந்தானே குறையுது? ஆடியில சேர மாட்டோம்னு அங்கன உள்ளவன்ட்ட எடுத்துச் சொல்லப்படாதா?”

“சொல்லலாம் அத்தை,” என்றாள் மகள். “நீங்களே வந்து சொல்லுங்க. உங்களுக்கும் ஒரு விசா போடச் சொல்லுதேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு யாருக்கும் எழுந்து போகத் தோன்றவில்லை.

“நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம்லா?” என்றாள் அக்கா.

“எல்லாருந்தான சரின்னோம்,” என்றேன். அது உண்மைதான். ஆனால் அதைச் சொல்லி அவளுக்கும் ஆறுதல் இல்லை, எனக்கும் இல்லை. யாரிடம் போய் நிற்பது என்றும் தெரியவில்லை. தாலுகா ஆபீஸ் என்றால் இரண்டு தெரிந்தவர்களையாவது பிடிக்கலாம்.

மேனேஜர் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. அந்த ஆடி மூன்றாம் தேதியே சேர்ந்திருந்த ஹைதராபாத் பையனின் பெயரைக் கொடுத்துவிட்டார். அவர்களுக்கும் ஆஷாடம் என்று கிட்டத்தட்ட இதே காலத்தில் ஒரு மாதம் உண்டாம். அவன் வீட்டில் அதையெல்லாம் பார்க்கவில்லையாம்.

அவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் மகளுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் பிழை வரும், எப்படிச் சரிசெய்ய வேண்டும், அங்கே யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா சத்தமில்லாமல் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

நல்ல பையன். ஒவ்வொரு நாளும் நன்றி சொன்னான். கடைசி நாளன்று, அங்கே குளிர் எப்படியிருக்கும், என்ன துணி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டான்.

அவள் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள்.