வெற்றிலைத் தட்டும் ஒரு வாடகைக் கேஸும்

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... கேஸ் என்னுடையது இல்லை. ஸ்டெல்லாவுடையது.

ஒரகடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே, எட்டு வருஷமாக டிபன் கடை வைத்திருக்கிறாள் ஸ்டெல்லா. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர்கள் அங்கேதான் நாலு இட்லியை விழுங்கிவிட்டு பஸ் ஏறுவார்கள். அவளுடைய இரண்டு பெண்களின் காலேஜ் படிப்பும் அந்தக் கடையை நம்பித்தான். படப்பையிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் எனக்கும் அங்கேதான் டிபன் — வீட்டில் சமைக்கச் சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கடை, ஏகாம்பரம் அண்ணாவுக்குச் சொந்தம். தை பிறந்தால் ஸ்டெல்லா ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவாள். மாதா கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் போவாள்! வாடகைப் பேச்சு அங்கேயே முடியும். அவர் தட்டை வாங்கிக்கொண்டால் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கடை அவளுக்கு. பேப்பர்? முதல் வருஷம் எழுதியதோடு சரி.

இந்தத் தையிலும் தட்டு மாறியது. சித்திரையில் ஏகாம்பரத்தின் மகன் வந்து நின்றான். வாடகை இரண்டு மடங்கு. காலை ஆறு மணிக்கு முன்னால் ஷட்டர் திறக்கக் கூடாது என்று புதுக் கண்டிஷன் வேறு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் ஐந்தரைக்கே கிளம்பிவிடுமே, அப்புறம் யாருக்கு இட்லி? முடியாது என்றாள் ஸ்டெல்லா. எழுதின ஒப்பந்தம் இல்லை, காலி செய் என்று அப்பா பெயரில் கேஸ் போட்டுவிட்டான்.

"உடாதே ஸ்டெல்லா, ஒரு கை பாத்துடலாம்!" என்று கொம்பு சீவிவிட்டது யார்? சாட்சாத் நான்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

கோர்ட்டில் அவள் உள்ளதைச் சொன்னாள். "தையில தட்டு மாத்திக்கினோம்யா. பழைய வாடகைக்கே இந்த வருசமும் இருந்துக்கோன்னு அண்ணா சொன்னாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். வெற்றிலைக்கு ரசீது உண்டா என்று கேட்டார். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு...!

அடுத்து ஏகாம்பரம் கூண்டில் ஏறினார். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை அவர் கைக்கு வந்துவிடும். வேறு சாட்சி கிடையாது. பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறான், பொய்தான் சொல்லப் போகிறார் என்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தையில் தட்டு வாங்கினீர்களா?" நீதிபதி கேட்டார்.

ஏகாம்பரம் தன் மகனைப் பார்த்தார். ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"வாங்கினேன் சார். ரெண்டு கையாலயும் வாங்கினேன். அந்தப் பொண்ணு சொல்றது அத்தனையும் மெய்தான். வாங்கிகினு இல்லேன்னு சொன்னா எனக்குச் சோறு எறங்குமா சார்?"

அவருடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

உட்கார்ந்து பேசி, கையோடு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார் நீதிபதி. அரை மணி நேரம் பேசினார்கள். வாடகையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள ஸ்டெல்லாவே சம்மதித்தாள். மூன்று வருஷ ஒப்பந்தம். ஷட்டரை எப்போது திறப்பது என்பது அவள் இஷ்டம்.

கடை வைத்திருக்கும் வாசகர்களே, தாராளமாகத் தட்டு மாற்றுங்கள். கூடவே பத்திரத்திலும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். எல்லாருக்கும் ஓர் ஏகாம்பரம் கிடைப்பாரா?

வெளியே வந்ததும் ஸ்டெல்லா உடைந்து அழுதாள். "உங்க புள்ள இனிமே உங்ககிட்ட பேசுமா அண்ணா?"

"ரெண்டு நாளு மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருப்பான். அப்பால பசி எடுத்தா தானா வருவான். நீ கண்ண தொடச்சிக்கமா."

கேஸை விடுங்கள்... தோற்றவர்தான் அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், தலையில் கை வைத்த வக்கீலுக்கும் சேர்த்து!