அம்மாவின் கையைத் தாண்டி இரும்பு போகவில்லை

"சுத்திக்கு எதுக்கும்மா படிப்பு? ஒரு பக்கம் புடி, ஒரு பக்கம் தல. இதுல நீ என்னாத்த டிசைன் பண்ணப் போற?"

விழுப்புரத்தில் எந்திரச் சுத்தியல் வார்க்கும் ஒரு வார்ப்பகத்தில் எனக்கு வேலை கிடைத்த வாரம் மண்டகப்பட்டு மாமா இப்படிக் கேட்டார். மாமா, அம்மாவின் தம்பி. கேலியாகத்தான் கேட்டார். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"டேய், அது ஆணி அடிக்கிற சுத்தி இல்லடா. மிசினு உள்ளார சுத்திக்கினே கல்ல ஒடைக்கிற ஹேமரு. ஒண்ணத் தூக்கிப் பாரு, அப்பறம் பேசு. இடுப்பு புடிச்சிக்கும்."

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மா கிரஷரில் வேலை செய்தது தெரியும். அந்த வேலையிலிருந்து ஏன் நிறுத்தப்பட்டார் என்பது மட்டும் தவறாகத் தெரியும். தவறாகத் தெரியும்படி விட்டவள் நான். அதனால் அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அம்மா மண்டகப்பட்டில் பிறந்தார். சொந்த நிலம் இல்லாத குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். எப்போதும் இடுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்ததால் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. குகைக் கோயில் பக்கம் ஆடு மேய்த்திருக்கிறார். பத்தொன்பது வயதில் திண்டிவனம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு, அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். நாற்று நட்டார், மல்லாட்டை பிடுங்கினார், கேப்பை அறுத்தார். அப்பா லாரியில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவின் முதுகில் அடிபட்டது. அந்த மாதமே அம்மா ஊருக்கு வெளியே இருந்த கல் உடைக்கும் கிரஷருக்கு வேலைக்குப் போனார்.

இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. பிறகு உலோகவியலில் பொறியியல் படித்தேன். கல்லூரி விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் பெருவிரல் ரேகை இருக்கிறது. கல்லைத் தொட்டுத் தொட்டு ரேகை தேய்ந்துவிட்டது. மூன்று முறை வைத்தும் சரியாக விழவில்லை. "மை சரியில்ல சார், வேற மை வைங்க" என்று அம்மா அலுவலரிடம் சொன்னார்.

அம்மாவின் வேலை பெல்ட் ஓரம் நிற்பது. முதல் எந்திரத்தில் பாதி உடைந்த கருங்கல், ஓடும் பெல்ட்டில் ஏறி இரண்டாவது எந்திரத்துக்குப் போகும். அதற்குள் ஒரு உருளை சுற்றும். உருளையில் கம்பிகள் கோத்து, கம்பிகளில் வரிசையாகச் சுத்தியல்கள் தொங்கும். அங்கே எல்லாரும் அவற்றை ஹேமர் என்பார்கள். பெல்ட்டில் கல்லோடு இரும்பும் வரும்: பொக்லைனின் முறிந்த பல், பாறையில் துளை போடும் கம்பியின் முனை. அது உள்ளே போனால் சுத்தியல் உடையும். அது போகுமுன் பொறுக்கி எடுக்க பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். அம்மா பதினான்கு ஆண்டுகள் நின்றார். புதிதாக வந்த பெண் ஒருவர், எல்லாமே தூசி படிந்து ஒரே நிறத்தில் வருகிறதே, எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாராம்: "கல்லு உருண்டுக்கினு வரும். இரும்பு படுத்துக்கினு வரும். கலரப் பாக்காத, நடைய பாரு."

எங்கள் வார்ப்பகம் வடக்கே இரும்புத் தாது உடைக்கும் ஆலைகளுக்குச் சுத்தியல் வார்த்து அனுப்புகிறது. சுத்தியல்கள் சீக்கிரம் தேய்கின்றன என்று அங்கிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. நீடித்து உழைக்கும் ஒரு சுத்தியலை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழையது மாங்கனீசு எஃகு. தேயும், ஆனால் உடையாது. நான் குரோமியம் அதிகம் சேர்த்த வார்ப்பைத் தேர்ந்தெடுத்தேன். அது மிகவும் கடினம். தலையைக் கனமாக்கினேன். அந்தக் கனத்தை ஈடுகட்டக் கம்பி நுழையும் துளையைச் சுற்றி உலோகத்தைக் குறைத்தேன். கடினமான உலோகம் தேயாது, ஆனால் அடியை வாங்கி வளைந்து கொடுக்காது. இது முதலாண்டுப் பாடம். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

தாதுவைவிடக் கருங்கல் கடுமையானது. இங்கே தாங்கினால் அங்கேயும் தாங்கும் என்று மேலாளர் சொன்னார். முதல் செட்டை அம்மா வேலை செய்த கிரஷரிலேயே மாட்டிப் பார்க்க ஏற்பாடானது. மாட்டும் நாளில் மேஸ்திரி அம்மாவை அழைத்து, முதல் சுத்தியலுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னார்.

"எம் பொண்ணு போட்டது மேஸ்திரி. பாத்து மாட்டுங்க."

"ஏங்க்கா, கண்ணாடி வளையலா இது, பாத்து மாட்டறதுக்கு?"

சுத்தியல்களை எடை பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். உருளையின் ஒரு பக்கம் ஒன்று, நேர் எதிரே அதே எடையில் இன்னொன்று. எடை வேறுபட்டால் உருளை ஆட்டம் கொடுக்கும். ஜோடி சேர்க்கும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

பழைய சுத்தியல் மழுங்கிப்போகும் காலத்தைத் தாண்டியும் என் சுத்தியல்கள் முனை தேயாமல் ஓடின. மேலாளர் பாராட்டினார். பிறகு ஒரு காலை, ஒன்று உடைந்தது. துண்டு உள்ளிருந்த சல்லடையைக் கிழித்துக்கொண்டு வெளித்தகட்டில் மோதி நின்றது. யாருக்கும் அடி இல்லை. நான் அப்போது விழுப்புரத்தில் இருந்தேன். அங்கே நடந்த பேச்சை அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் நின்ற செல்வி அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

மேஸ்திரி நேராக அம்மாவிடம் வந்திருக்கிறார். "ஏங்க்கா, எவ்ளோ பெரிய இரும்ப வுட்டீங்க?"

"இரும்பு போவல மேஸ்திரி. என் கைய தாண்டிப் போவல."

"அப்ப ஹேமரு தானா ஒடஞ்சிச்சா? அப்படின்னா ஒம் பொண்ணு போட்டதுதான் தப்புன்னு ஆவும். அப்படியே மொதலாளிகிட்ட சொல்லிடவா?"

அம்மா கையுறையைக் கழற்றினாராம். மறுபடி மாட்டினாராம். அதன் பிறகு சொன்னாராம்: "போயிருக்கும். கண்ணு அசந்திருப்பேன்."

மதியம் நான் வந்து உடைந்த துண்டைப் பார்த்தேன். உடைந்த முகம் முழுவதும் பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. துளையின் விளிம்பில் மட்டும், ஒரு நகத்தின் அகலத்துக்கு, துரு. துருவுக்குள் கல் தூசி. அன்று காலை உடைந்த இடம் அன்று மதியத்துக்குள் துருப் பிடித்துத் தூசி அடையாது. அந்த விரிசல் பல நாட்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. நான் துண்டைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்று மாலை வீட்டில் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ம்மா, நெசமாச் சொல்லு. இரும்பு போச்சா?"

"போச்சின்னு சொல்லிட்டேன்ல."

"பாத்தியா நீ?"

"பாத்திருந்தா எடுத்திருக்க மாட்டேனா? ஏன் பாப்பா பேஜாரு பண்ற. ஒனக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆவல. எனக்கு பெல்ட்டு இல்லன்னா காட்டு வேல இருக்குது. ஒனக்கு என்னா இருக்குது? வாயத் தொறக்காத. போய் மூஞ்சி கழுவு."

நான் போய் முகம் கழுவினேன்.

அறிக்கையில் "வெளி இரும்பு நுழைந்ததால் முறிவு" என்று எழுதினேன். உடைந்த துண்டை உலைக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அது உருகியது. அந்த வாரமே அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். என் வடிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டு வடக்கே போயிற்று.

அம்மாவுக்குக் கண் போய்விட்டது என்று உறவில் பேச்சு வந்தது. மாமா அக்கறையோடு கண் மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை என்று மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற மாமாவிடம், "வயசாவுதுல்ல, அப்படித்தான் இருக்குமாம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஏழு மாதங்கள் கழித்து, கேப்பை அறுப்புக்குப் போய் வந்த மறுநாள் காலை அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அரசு மருத்துவமனையில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். பத்தரை மணிக்கு அம்மா இல்லை. படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டேன். எழுத்து எப்போதும் போல் இருந்தது. பொண்ணு அழவே இல்லை என்று சிலர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அவர்கள் சொன்னது சரி. அந்த நாட்களில் நடந்தவை எல்லாம் வரிசையாக நினைவில் இருக்கின்றன. பந்தல்காரர் எத்தனை நாற்காலி இறக்கினார் என்பதுகூட. ஆனால் அவை வேறு யாருக்கோ நடந்தவை போல இருக்கின்றன. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்தது. பீரோவில் வைத்தேன். அலுவலகத்துக்குப் போனேன், வந்தேன்.

இந்த மலருக்கு அம்மாவின் தனிப்படம் தேவைப்பட்டது. வீட்டில் இல்லை. சுத்தியல் மாட்டிய நாளில் எடுத்த படம் மேஸ்திரியின் கைப்பேசியில் இருக்கலாம் என்று சென்ற மாதம் கிரஷருக்குப் போனேன். படம் கிடைத்தது. முன்னட்டையில் நீங்கள் பார்ப்பது அதுதான். திரும்பும்போது, ஷெட்டின் தகரக் கதவு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு பொருளைப் பார்த்தேன். என் சுத்தியல்.

"இது அன்னைக்கிக் கழட்டுனதுதான் பாப்பா" என்றார் மேஸ்திரி. "ஒண்ணு ஒடஞ்சா எதுர்ல இருக்கிற ஜோடியயும் கழட்டிடணும்ல. கதவுக்கு ஆச்சின்னு போட்டு வச்சேன். வேணுமா?"

வேண்டும் என்றேன். விழுப்புரம் போகும் லோடு வண்டியில் அவரே ஏற்றி அனுப்பினார்.

அதைக் கழுவித் துடைத்து, துளையைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தைத் தடவினேன். சாயம் இறங்கக் காத்திருந்து, துடைத்தேன். மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வரும். வந்தது. துளையின் விளிம்பிலிருந்து, உடைந்ததில் துரு இருந்த அதே இடத்தில், ஒரு சிவப்புக் கோடு. இந்தச் சுத்தியல் உடையவில்லை. இதன் மேல் இரும்பு விழுந்த தழும்பு எங்கும் இல்லை. ஆனாலும் அதே இடத்தில் விரிசல். அன்று பெல்ட்டில் இரும்பு வரவில்லை. நான் மெலிதாக்கிய இடத்தில் என் சுத்தியல் தானாகவே விட்டுப்போயிருக்கிறது.

அதையும், வடக்கே அனுப்ப எழுதிய சோதனை அறிக்கையையும் மேலாளரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "ஒன்றரை வருஷம் ஆகப் போவுது. வடக்க ஓடிக்கிட்டுதானேம்மா இருக்கு. இதுவரைக்கும் புகார் இல்ல. இப்ப எதுக்கு?"

"அங்கயும் பெல்ட்டுல யாராவது நிப்பாங்க சார்."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். அனுப்பணும்னா ஒம் பேர்ல அனுப்பு. என்னா வந்தாலும் நீதான் பாத்துக்கணும்."

சென்ற புதன்கிழமை சாப்பாட்டு வேளையில் கிரஷருக்குப் போய், சோதனை அறிக்கையைப் பெல்ட்டில் வேலை செய்யும் பெண்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். மேஸ்திரியும் நின்று கேட்டார். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னைக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். செல்வி அக்கா தூக்குச் சட்டியை மூடினார்.

"அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

"உங்கம்மா போறவரைக்கும் என்னா பண்ணிக்கினு இருந்த?"

அக்கா சட்டியைக் கழுவப் போய்விட்டார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த செல்வி அக்காவுக்கும், அன்று வேலையை விட்டு மருத்துவமனைக்கு வந்த பெல்ட் பெண்கள் இருவருக்கும் என் நன்றி. அன்று பணியிலிருந்த செவிலியர்களுக்கும், காரியத்தை முன்னின்று நடத்திய மண்டகப்பட்டு மாமாவுக்கும், ஒரு வாரம் சோறு கொண்டுவந்து கொடுத்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், படம் தந்த மேஸ்திரிக்கும் நன்றி. இதை எழுதி முடித்ததும் முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "அச்சுக்குக் குடு" என்றார். அவருக்கும் நன்றி.

உறவினர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அம்மாவைப் பற்றிப் பேசும்போது கண் அசந்துவிட்டது என்று இனிச் சொல்லாதீர்கள்.

அந்த வடிவத்தில் அடுத்த செட்டுக்குத் தயாராக இருந்த மணல் அச்சுகளை வெள்ளிக்கிழமை உடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், உடைத்துவிட்டார்கள். வடக்கே ஓடும் சுத்தியல்களை எந்திரத்தை நிறுத்திக் கழற்றும்படி ஆலைக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். அதில் "முறிவுக்கான காரணம்" என்ற இடத்தில் "துளைப் பகுதியின் வடிவமைப்பு" என்றும், "பொறுப்பு" என்ற இடத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.