மரத்துக்கு ஒரு வாக்கியம்

சனிக்கிழமை காலை ஏழு மணி. கோலாலம்பூர் புடுராயா பஸ் நிலையத்தில் ஈப்போ பஸ் ஏறும்போது எங்கள் பன்னிரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. தவணை விடுமுறைக்கு மற்ற பல்கலைக்கழக மாணவர்கள் பினாங்குக் கடற்கரைக்கும் கேமரன் மலைக்கும் கிளம்பிக்கொண்டிருக்க, நாங்கள் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சேவை செய்யப் புறப்பட்டிருந்தோம். தூரம் நூற்று முப்பது மைல், டிக்கெட் ஆறு வெள்ளி, அதாவது ஆறு ரிங்கிட். எழுபதுகளின் பிற்பாதி அது. உலகத்தைத் திருத்த ஆறு நாள் போதும் என்று நம்பிய வயசு. நான் செந்தூலில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ரப்பர் மரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை.

தஞ்சோங் மாலிம் தாண்டும்வரை ஒரே பாட்டு, கைதட்டல். பீடோரில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ஒரு வெள்ளிக்கு ஐந்து கொய்யா வாங்கினோம். என் வகுப்புத் தோழன் சந்திரன் மூன்றைத் தானே தின்றுவிட்டு மீதியை நியாயமாகப் பங்கு போட்டான். தாப்பா, கம்பார், கோப்பெங் எல்லாம் கடந்து, பதினொன்றரைக்கு சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் எழும்பி நிற்க ஈப்போ வந்தது. கடையநல்லூர்க்காரர் ஒருவரின் கடையில் ரொட்டியும் தேத்தண்ணியும். ஊர் வெயில், ஊர் மணம் எல்லாமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அங்கிருந்து எண்பது காசு டிக்கெட்டில் லகாட் வழியாக பத்து காஜா என்கிற ஊர். வழி நெடுக ஈயம் தோண்டிய பெரிய குட்டைகள், வெள்ளை மணல். பிறகு தோட்டத்து லாரியில் ஆறு மைல் செம்மண் பாதை. எத்தனை நாள் இருப்பீர்கள் என்று டிரைவர் அண்ணன் கேட்டார். ஆறு நாள் என்றோம்.

"ஆறு நாளா? அப்ப தோட்டமே மாறிரும் லா" என்று சொல்லி, கியர் மாற்றுகிற சாக்கில் நன்றாகச் சிரித்துக்கொண்டார்.

எங்கள் வேலை இதுதான். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பலரிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்தது இங்கேதான் என்றாலும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் பிரஜை இல்லை. சிவப்புக் கார்டுக்காரருக்கு வேலை பெர்மிட் வேண்டும். தோட்டம் போய்விட்டால் ஈப்போவில் எந்தத் தொழிற்சாலையும் அவர்களைச் சட்டென்று சேர்க்காது. பிரஜைகளுக்கான நீலக் கார்டுக்கு மனுச் செய்தால் அதிகாரி மலாயில் பேசிப் பார்ப்பார். முப்பது வீடுகளிலும் ஏறி இறங்கி, கார்டு என்ன கலர் என்று கேட்டு, மனுப் பாரம் நிரப்பி, நேர்காணலுக்குத் தயார்படுத்த வேண்டும்.

எனக்கும் சந்திரனுக்கும் கிடைத்தவர் லெட்சுமி அக்கா. முப்பத்தெட்டு வயசு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. புருஷன் மணியம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து வேலை நின்றுபோயிற்று. மூன்று பிள்ளைகள். வீட்டில் சம்பாதிப்பது அக்கா ஒருவர்தான், கார்டு சிவப்பு. மனு முன்பே போட்டிருந்தார், நேர்காணல் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு.

"விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன். பல்கலைக்கழகத்தில் நான் படிப்பதே மலாய்தான். என் சட்டைக் காலர் தானாகவே தூக்கிக்கொண்டது.

ஞாயிறு பிற்பகல் முதல் பாடம். என் பெயர் இன்னது, என் வயது இன்னது, நான் இன்ன வேலை செய்கிறேன் என்று இருபது மலாய் வாக்கியங்களை, இலக்கணம் பிசகாமல், நோட்டில் வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினேன். நடுவில் மோட்டார் சைக்கிளில் மலாய்க்காரர் ஒருவர் மீன் விற்க வந்தார். அக்கா எழுந்து போய் அவரிடம் பேசினார் பாருங்கள்! கெம்போங் மீன் ஏன் இப்படிக் கண் செத்துக் கிடக்கிறது, உன் பெண்டாட்டிக்கு முழங்கால் வலி தேவலையா, போன வாரம் நிறுவையில் ஏமாற்றினாயே என்று பொரிந்து தள்ளினார். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா திரும்பி வந்ததும் நான் சொன்னேன்: "அக்கா, நீங்க பேசுறது பசார் மலாய், சந்தைப் பேச்சு. அத மட்டும் ஆபிசர் முன்னாடி வாயில எடுத்துறாதீங்க."

"சரி தம்பி" என்றார் அக்கா, முகம் சுருங்கிப்போய். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

திங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு அக்காவோடு, வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனேன். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிட்டு முடித்ததும், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மர வரிசையான நிரைக்குள் நுழைந்தார்கள். அட்டை கடித்தது, கொசு பிய்த்தது, எனக்கோ கொண்டாட்டம். அக்கா ஒரு மரத்தில் கத்தியை வைத்துப் பட்டையைச் சீவும்போது ஒரு வாக்கியம் சொன்னார். அடுத்த மரத்துக்கு நடந்து போய் அடுத்த வாக்கியம். முதல் மரம் பெயர், இரண்டாவது மரம் வயது, மூன்றாவது மரம் பிறந்த இடம், நான்காவது மரம் வேலை. இருபது மரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மரம் வரிசை தப்புமா? வாக்கியமும் தப்பவில்லை. நான் துள்ளிக் குதிக்காத குறை. புதன்கிழமை மாலை லயத்தின் முன்னால் இருபதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள், சந்திரன் விசில் அடித்தான். பாஸ்தான் என்று மணியம் அண்ணனிடம் சத்தியமே செய்து கொடுத்தேன்.

வியாழன். பத்து காஜாவில் ஓர் அரசாங்க அலுவலகம். அக்கா நீலச் சேலை உடுத்தியிருந்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, நாங்கள் வெளியே பெஞ்சில். அதிகாரி ஐம்பது வயசு மலாய்க்காரர். சாதாரணமாக, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார்.

அக்கா தன் பெயரைச் சொன்னார்.

பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அக்கா தன் வயதைச் சொன்னார். தோட்டத்திலிருந்து எப்படி வந்தாய் என்றதற்குப் பிறந்த இடத்தைச் சொன்னார். அக்காவுக்கு முதல் மரத்திலிருந்துதான் போக வரும். நடுவில் எந்த மரத்தில் நிற்பது என்று தெரியாமல் தவித்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோப்பை மூடினார். மணியம் அண்ணனின் முகம் கண் முன்னால் வந்தது. பாவி, ஒரு குடும்பத்தின் சோற்றில் கை வைத்துவிட்டேனே என்று இருந்தது.

இதையெல்லாம் உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார் அதிகாரி, சலித்துப்போய்.

அந்தக் கேள்வி நோட்டில் இல்லை. அக்கா எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"பூடாக் யுனிவர்சிட்டி லா, துவான். பூடாக் பாயிக். ஆஜார் சாஜா தா பாண்டாய்."

யுனிவர்சிட்டிப் பிள்ளைகள்தான் ஐயா, நல்ல பிள்ளைகள், சொல்லிக்கொடுக்கத்தான் தெரியவில்லை!

அதிகாரியின் தோள் சிரிப்பில் குலுங்கியது. அப்படி என்ன தப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், அணை உடைந்தது. இருபது மரக் கதை, மழை பெய்தால் பால் வெட்ட முடியாமல் சம்பளம் போவது, புருஷன் நெஞ்சு வலி, பெரியவன் படிப்பு எல்லாம் அதே பசார் மலாயில் கால் மணி நேரம் ஓடியது. அவர் குறுக்கே கேட்டார், அக்கா பதில் சொன்னார், அவர் திருப்பிக் கேட்டார். கடைசியில் கோப்பைத் திறந்து, மொழித் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீலக் கார்டு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரிய தடை தாண்டியாயிற்று என்றார்.

வெளியே வந்து என்னிடம், பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். மலாய் என்றேன். ரொம்ப நாகரிகமான மனிதர், அதற்குச் சிரிக்கவில்லை. சந்திரன்தான் பெஞ்சில் உருண்டான்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "கோவமா தம்பி? நல்ல பிள்ளைங்கன்னும் சொன்னேன்ல?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அன்று சாயங்காலம் லயம் முழுக்கத் திருவிழாதான். மணியம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்கத் தயாராயில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குச் செந்தூல் வந்து சேர்ந்தேன். அம்மா சோறு போட, நான் விடாமல் கதை சொன்னேன். அட்டை, நிரை, அதிகாரி, அக்கா சொன்ன அந்த ஒரு வரி. அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"அம்மா, ஒங்க ஐசி கார்டு என்ன கலரு?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், மடித்த சேலைக்கு அடியிலிருந்து எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். சிவப்பு.

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியே" என்றார் அம்மா.