சனி பின்னால் வந்த பங்குனி

பங்குனியில் சனி பழைய ராசிக்கே திரும்பி வந்துவிட்டதாகப் போளூர் ஜோசியர் சொன்னார். ஐப்பசியில் தங்கைக்கு ஏழரை விட்டுவிட்டது என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவளுக்குத் தட்டு மாற்றி, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். அப்பா இல்லாத வீடு. முடிவெடுக்க வேண்டியவன் ஆறாம் வகுப்போடு நின்ற நான். யார் எதைச் சொன்னாலும் நம்பிப் பயந்துவிடுவேன். தாலி ஏறி ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

போளூரிலேயே இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். "சனி திரும்ப வந்துடுச்சாம். ஆடி போவட்டும், ஆவணியில வெச்சுக்கலாங்க," என்றேன்.

"எங்களுக்கு சனியும் இல்ல கினியும் இல்ல தம்பி," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பொண்ணு குடுக்கிறியா இல்லியா?"

"குடுக்கிறேங்க. மூணு மாசந்தானே."

தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைத் துணியைத் தங்கை திரும்ப வாங்கி வந்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

அப்போது ஜவ்வாது மலையில் தொலைநோக்கி வைத்திருந்த இடத்தில் எனக்குச் சமையல் வேலை. இரவெல்லாம் வானத்தைப் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் சார் ஒருவர், மூன்று மணிக்கு டீ குடிக்க வருவார். வைகாசி கடைசியில் ஒருநாள் அவரிடம், சனி எப்போது முன்னால் போகும் என்று கேட்டேன்.

"அது எப்பவும் முன்னாலதான் போவுது," என்று உப்பு ஜாடியை மேஜை நடுவில் வைத்தார். அது சூரியன். பக்கத்தில் டம்ளர், பூமி. மேஜை ஓரத்தில் கரண்டி, சனி. "தூரத்துல இருக்கறது மெதுவா போவும்."

எனக்கு ஒப்பவில்லை. மலையில் மணி உதிர்வதற்காகச் சாமைக் கதிர் மேல் மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்றி ஓட்டுவார்கள். உள்மாடு நின்ற இடத்திலேயே மிதிக்கும். ஓரத்து மாடுதான் ஓட வேண்டும். அதைச் சொன்னேன்.

"மாடெல்லாம் ஒரே கயித்துல கட்டியிருக்கு. இங்க கயிறு இல்ல, சூரியனோட இழுப்புதான். கிட்ட இருக்கறத பலமா இழுக்கும். அது வேகமா ஓடலன்னா உள்ள விழுந்துடும். தூரத்துல இழுப்பு கம்மி, மெதுவா போனா போதும். பாதையும் பெருசு. நமக்கு ஒரு வருஷம்னா சனிக்கு இருபத்தொம்பதரை."

"அப்ப பின்னால வர்றது?"

"பஸ்ல போறீங்க, முன்னால ஒரு மாட்டு வண்டி. தாண்டும்போது ஜன்னல்ல பாத்தா வண்டி பின்னால போற மாதிரி தெரியும். வண்டிக்காரன் திரும்புனானா?"

"இல்ல சார்."

"வருஷா வருஷம் நாம சனிய அப்படித்தான் தாண்டறோம்."

மறுநாள் முதல் பஸ்ஸில் போளூருக்கு இறங்கினேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். பெண் ஆரணிப் பக்கமாம்.

"இன்னா தம்பி, சனி போயிடுச்சா?"

"அது பின்னால வரவே இல்லீங்க. நாமதான் வேகமா போறோம்."

"யாரு, நீயா?" என்றார் அந்த அம்மா. "உக்காரு, காப்பி குடிச்சிட்டுப் போ."

படவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் தங்கை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எம்மேல ஒண்ணும் இல்லியா அண்ணா?"

"இல்ல."

அவள் அடுத்த புளியை எடுத்தாள்.

பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் முதல் சம்பந்தம் ஏன் நின்றது என்று கேட்டார்கள். சொன்னால் அவளுக்கு ஏதோ தோஷம் என்று போனார்கள். சொல்லாவிட்டால் மறைக்கிறோம் என்று போனார்கள். அப்படியே வருஷங்கள் போய், சனி ஒரு சுற்று சுற்றி அன்றிருந்த இடத்தையே கடந்துவிட்டது. பெட்டியை ஒழித்தபோது அந்த ரவிக்கைத் துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"இத இன்னா பண்றது அண்ணா?" என்றாள். முன்தலை முழுக்க அவளுக்கு நரைத்திருந்தது.

"இருக்கட்டும், அப்பறம் பாக்கலாம்," என்றேன்.