தணிகாசலத்தின் மீதி எட்டு மணி நேரம்

1958-இல் புதுச்சேரியின் ஒரு நெசவாலையில் இரண்டு பேர் ஒரே தறியை ஓட்டினார்கள். காலை ஆறிலிருந்து பகல் இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து இரவு பத்து வரை மற்றவர். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்டு மாறும், ஜோடி மாறாது. முதலியார்பேட்டை தணிகாசலமும் நெல்லித்தோப்பு கலியமூர்த்தியும் அப்படி ஆறு வருடமாக ஜோடி. கூலி ஒன்று, வயது ஏறக்குறைய ஒன்று, காலில் கிடந்த செருப்புகூட ஒரே கடையில் வாங்கியது.

இருந்தும் தணிகாசலத்தை நினைத்தாலே கலியமூர்த்திக்கு வயிறு எரிந்தது.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மீதி எட்டு மணி நமக்கு என்று சங்கத்துக் கூட்டத்தில் எல்லோரும்தான் கைதட்டினார்கள். அந்த மீதி எட்டை என்ன செய்வது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவன் தணிகாசலம் ஒருவன்தான். அவன் வீட்டுச் சுவரில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டு ஒட்டியிருந்தான். ஷிப்டுக்கு ஒன்றாக இரண்டு தாள். முதல் ஷிப்டு வாரத்தில், மூன்று மணிக்குப் பிரெஞ்சு இலக்கணம். மூன்றே முக்காலுக்கு மாண்டலின். நாலரைக்கு ரோஜாப் பதியன். ஐந்துக்குக் கடற்கரை, கப்பல் குறிப்பு. ஆறுக்கு நூலகம். ஏழரையிலிருந்து எட்டு வரை ‘சும்மா’.

கலியமூர்த்தியை அதிகம் சுட்டது அந்தக் கடைசிக் கட்டம்தான். சும்மா இருப்பதற்குக்கூட இவன் நேரம் ஒதுக்கியிருக்கிறானே!

கற்றுக்கொடுக்க யாரும் கிடையாது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, ஏலத்தில் போன புத்தகங்களும் மாண்டலினும்தான் வாத்தியார். தறிக்கூடத்தில் அவனுக்கு, பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிடுவதுபோல, ‘முசே’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர் இரண்டே வருடத்தில் மரியாதையாகிவிட்டது. பிரெஞ்சில் வந்த பழைய காகிதம் எதுவானாலும் ஆட்கள் அவனிடம்தான் கொண்டுபோனார்கள்.

“அந்த அண்ணன் மாண்டலின் வாசிக்கிறாராமே, நீங்க டீக்கடையில என்ன வாசிக்கிறீங்க?” என்று கேட்டாள் கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலாட்சி.

ரோஷத்தில் அவனும் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை இரவல் வாங்கினான். நாலு நாள் தலைமாட்டில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“எப்படி இருந்திச்சு?” என்றான் தணிகாசலம்.

“எனக்கு முன்னாடியே தெரிஞ்சதுதான்.”

அந்த ஜூலையில் ஒரு பிரெஞ்சுச் சரக்குக் கப்பல் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டது. தணிகாசலம் கப்பலுக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதினான். கப்பல்களை ஆறு வருடமாகக் கரையிலிருந்தே பார்க்கிறேன், எஞ்சின் அறையை ஒருமுறை காட்டுவீர்களா என்று. பதில் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு ஆளுக்கு அனுமதி. சீட்டில் பெயர் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு முதல் ஷிப்டு. மாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஜோடிதான் வந்து மேஸ்திரி ஆதிமூலத்திடம் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். ஆலையில் அதுதான் வழக்கம். திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தறியை ஒப்படைக்கும்போது கேட்டான்.

“நாளைக்கு ஒருநாள் மாத்திக்கலாமா? கப்பல் புதன்கிழமை போயிடுது.”

“நாளைக்கா? முடியாதே முசே.”

“ஏன்யா?”

கலியமூர்த்தியிடம் காரணம் எதுவும் இல்லை. “காலையில எனக்கு நீச்சல்,” என்றான். “கத்துக்கிறேன். நானும் அட்டவணை போட்டிருக்கேன்ல.”

தணிகாசலம் அவன் கண்களை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தான்.

“நீச்சலை உடாத. அத முடிச்சிட்டுக் கப்பலுக்கு நீ போ. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு.”

இதைக் கலியமூர்த்தி எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தணிகாசலம் பார்க்காத ஒன்றைத் தான் பார்க்கப்போகிறோம் என்ற நினைப்பு அவனை விடவில்லை.

மறுநாள் வெளுத்த சட்டையோடு படகேறிப் போனான். மீசைக்காரப் பொறியாளர் ஒருவர் அவனை இரும்பு ஏணியில் கீழே இறக்கி, அரை மணி நேரம் பிரெஞ்சில் விளக்கினார். கலியமூர்த்திக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை ‘வுய்’, அதாவது ஆமாம். அதை எல்லாவற்றுக்கும் சொன்னான். அவர் உற்சாகமாகி இன்னும் அரை மணி பேசினார்.

இரண்டு மணிக்குத் தறிக்கூடத்தில் தணிகாசலம் நோட்டும் பென்சிலுமாக நின்றான்.

“கொதிகலன் எத்தினி?”

“இருந்திச்சு.”

“எத்தினின்னு கேட்டேன்.”

“நெறய.”

“அந்த ஆள் என்னதான் சொன்னாரு?”

“எல்லாத்துக்கும் வுய்ன்னுட்டேன்.”

தணிகாசலத்தின் உதட்டோரம் லேசாக வளைந்தது. அதைப் பார்த்ததும் கலியமூர்த்திக்குச் சூடேறியது.

“ஒண்ணு பாத்தேன்யா. ஒரு சின்ன எஞ்சின் ஓடிக்கிட்டிருந்திச்சு. அங்க ஷிப்டு மாறுது. போற ஆள் அந்த அச்சு உக்காந்திருக்கிற எடத்துமேல கைய வெச்சான். வந்தவனும் பக்கத்துல கைய வெச்சான். சூடு சரிதானான்னு ரெண்டு பேரும் பாத்துக்கிறாங்க. ஒரு பேச்சு இல்ல. தலையாட்டின பொறவுதான் மொத ஆள் கைய எடுத்தான். நம்ம வேலைதான்யா அது! நானும் கைய வெச்சேன்.”

பென்சில் நின்றது. “உன்னத் தொட உட்டாங்களா?”

“உட்டாங்களே. மே மாசத்துல நம்ம தறி அச்சு இருக்குமே, அந்தச் சூடு.”

தணிகாசலம் எதையும் எழுதாமல் நோட்டை மூடினான். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான். அந்த முகம் கலியமூர்த்திக்குப் பழக்கமானது. ஆறு வருடமாகச் சவரக் கண்ணாடியில் அவன் பார்த்துவரும் முகம்.

புதன்கிழமை இரண்டு மணிக்குக் கலியமூர்த்தி வந்தபோது தறியின் நெடுக்கு நூலான பாவில் ஐந்து இழை அறுந்து தொங்கியது. அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் ஜோடிக்குத் தறியை விட்டுப்போவது அந்தக் கூடத்தில் வாய் திறந்து திட்டுவதற்குச் சமம். தணிகாசலம் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. கலியமூர்த்தி மேஸ்திரியிடம் போகவில்லை. ஒவ்வொன்றாக முடிந்தான். வெட்கமாகவும் இருந்தது, வெகுநாள் கழித்து மனம் லேசாகவும் இருந்தது.

வியாழக்கிழமை ஏழு இழை. இந்தத் தடவை தணிகாசலம் கிளம்புவதற்குள் கலியமூர்த்தி வந்துவிட்டான்.

“முசே, எனக்கு நீச்சல் தெரியாது. கத்துக்கவும் இல்ல.”

“தெரியும். நீச்சல் பழகுறவனுக்கு உப்புத் தண்ணியில கண்ணு செவந்து கெடக்கும். உன் கண்ணு நல்லாத்தான் இருந்திச்சு.”

“தெரிஞ்சுமா சீட்டக் குடுத்த?”

தணிகாசலம் தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நீ போயி ஒண்ணும் வெளங்காம முழிச்சிட்டு வருவன்னு நெனச்சேன். வந்து நிக்கிறப்ப நாலு கேள்வி கேக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா கைய வெச்சிட்டு வந்துட்ட.”

கலியமூர்த்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்துத் தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பெரிய முசே! ஏழு எழையையும் நீயே முடிஞ்சிட்டுப் போ.”

தணிகாசலம் குனிந்து முதல் இழையை எடுத்தான். கலியமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு, ஏழாவது முடிச்சு விழும்வரை பக்கத்திலேயே நின்றான்.