தொண்டை கட்டிய மூன்று வாரம்

எட்டாம் வகுப்புத் தமிழ் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஒலிபெருக்கி. பத்தொன்பது வருடமாக அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான்: அவர் கத்துவார், நாற்பது பேர் திருப்பிக் கத்துவார்கள். கத்தி முடித்தால் பாடம் முடிந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பின் கணக்குப் பாடமும் சேர்ந்தே முடிந்துபோகும்.

ஒரு திங்கட்கிழமை வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். கூட வந்த கணவர் முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, "நாலு வாரமா வச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

பள்ளியில் மாற்று ஆள் கிடையாது. "சும்மா போய் உக்காருங்க, பிள்ளைங்க அடங்கி இருந்தா போதும்" என்றார் தலைமையாசிரியை. அடங்குகிற கூட்டமா அது? கால் மணி நேரத்தில் கூரை பறக்காத குறை. வேறு வழியில்லாமல் ஆசிரியை பலகையில் எழுதினார்: 'ஒருவர் நானாகவும் ஒருவர் மருந்துக்கடைக்காரராகவும் நடியுங்கள். மருந்து வாங்க வேண்டும். பேசுங்கள்.'

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள், ஊமைக்கோட்டான் என்று பெயரெடுத்த பெண். இடுப்பில் கை வைத்தாள். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"மாத்திரை கேட்டா மூஞ்சியப் பாக்குறீங்க? எங்க, என் பின்னாடி சொல்லுங்க. மாத்-தி-ரை!"

கடைக்காரனாக நின்றவன் நடுங்கிப்போய், "மாத்-தி-ரை" என்றான். வகுப்பு விழுந்து புரண்டது.

ஆசிரியைக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு கண்ணில் நீர் முட்டச் சத்தமே இல்லாமல் சிரித்தார். பள்ளி திறந்ததிலிருந்து இவள் வாயிலிருந்து 'உள்ளேன்' தவிர எதையும் தான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பின் தினமும் நடிக்க ஒரு வம்பு: பேருந்தில் இடச் சண்டை, தொலைந்த பை, பெண் பார்க்க வந்த இடத்தில் வாய்த்தகராறு. மூன்று வாரம் கழித்துக் குரல் திரும்பிய ஆசையில், "எங்க, எல்லாரும்..." என்று ஆரம்பித்தார்.

"டீச்சர், கொஞ்சம் இருங்க. அவ நடிச்சு முடிச்சுக்கட்டும்" என்றது முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

உட்கார்ந்துவிட்டார். தேர்வு நெருங்கினால் பழைய கத்தல் தலைகாட்டும், அது வேறு.

கடிதப் பாடம் வந்தபோது, காய்ச்சல் விடுப்பு விண்ணப்பத்தை ஓரம் கட்டிவிட்டு, "நிஜமா ஒரு புகார் எழுதுங்க" என்றார். கழிப்பறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி நாற்பது கடிதங்கள் தலைமையாசிரியை மேசையில் குவிந்தன. 'குழாய் பற்றி தெரிந்தது. விரைவில் சரி செய்ய படும்' என்று பதில் வந்தது. வகுப்பு அதைச் சிவப்பு மையில் திருத்தி, மதிப்பெண்ணும் போட்டுத் திருப்பி அனுப்பியது.

தலைமையாசிரியை அறையிலிருந்து ஆசிரியைக்கு அழைப்பு வந்தது.

"என்னம்மா இதெல்லாம்?"

ஆசிரியை தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு ஒற்றுப்பிழை மேடம். சரியாத்தான் திருத்தியிருக்காங்க."

மறுநாள் காலையே குழாய்க்காரர் வந்தார்.